கங்காணி லைசென்சும் காலண்டர் லாகினும்: மெர்லிமாவ் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

அலுவலகக் காலண்டரை வெளியார் செயலி ஒன்றோடு இணைக்கப் போய், பாஸ்வேர்டு சரியாக இருந்தும் வாசலிலேயே நிறுத்தப்படும் அவலத்தைத் தமிழ் ஆய்வுலகம் இன்றுவரை கண்டுகொள்ளவில்லை. மெய்ப்பாடு எட்டு என்று வகுத்த தொல்காப்பியரும் இதற்கென ஒன்பதாவதை ஒதுக்காமல் போய்விட்டார். அக்குறையைத் தீர்க்க வந்தது இக்கட்டுரை. இணையத்தில் ஒருவர் சார்பில் இன்னொரு செயலிக்கு அனுமதி கொடுக்கும் ஓ-ஆத் 2.0 முறை, 2012 அக்டோபரில் ஆர்எஃப்சி 6749 என்ற ஆவணமாக வெளிவந்தது என்பார்கள். அதற்கு நூறாண்டு முன்பே அது மலாயாத் தோட்டங்களில் நடைமுறையில் இருந்தது என்பது நம் துணிபு. காப்புரிமை கேட்காமல் விட்டது நம் பாட்டன்மார் செய்த பிழை.

கள ஆய்வுக்கு மெர்லிமாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மலேசியாவின் மலாக்கா மாநிலத்து ஜாசின் மாவட்டத்தில் உள்ள இந்தச் சிற்றூரிலிருந்து தென்கிழக்கே போனால் கீசாங் ஆறு. அதைத் தாண்டினால் ஜொகூர். 2014 தொடங்கி 2024 முடிய ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. மலாக்காவில் வழக்கம்போலச் சனியும் ஞாயிறும். ஆய்வுக்கு உட்பட்ட தம்பதியரில் அண்ணனுக்கு ஜொகூரின் மூவாரில் வேலை, அக்காவுக்கு மலாக்காவில் வேலை. “பதினோரு வருசமா எங்களுக்குச் சனிக்கிழமை மட்டும்தான் கல்யாணம்” என்றார் அக்கா. 2025 ஜனவரி முதல் கிழமைகள் ஒத்துப்போய்விட்டன. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனுக்கு ‘மீட்டிங்’ முளைக்கத் தொடங்கியது. அவருடைய அலுவலகக் காலண்டரைக் குடும்பச் செயலியில் கொண்டுவந்து வைக்கும்படி அக்கா உத்தரவிட்டார். அதுவரை பிழை எதுவும் இல்லை.

இனி வரலாறு. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டபின் தோட்டங்களுக்கு ஆள் கட்டும் வேலை ஓர் ஒழுங்குக்கு வந்தது. தோட்டத்தை நடத்தும் துரை தானே தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் போய் ஆள் திரட்டமாட்டார். தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரைக் கங்காணியாக்கி, லைசென்ஸ் வாங்கிக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். எந்தத் தோட்டத்துக்கு, எத்தனை ஆள் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். காலம் கடந்தால் தாள் செல்லாது. ஊர் முனிசீப்பு ஆட்சேபம் இல்லையென்று கையெழுத்துப் போட வேண்டும். திரட்டிய ஆட்களை நினைத்த துறைமுகத்தில் ஏற்றிவிட முடியாது. ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களுக்குத்தான் கொண்டுவர வேண்டும். கடல் கடந்து பினாங்கு சேர்ந்தாலும் ஜெரஜாக் தீவில் தொற்றுத் தடுப்பு முகாம் காத்திருக்கும்.

இப்போது ஓ-ஆத்தைப் பாருங்கள். குடும்பச் செயலி அண்ணனிடம் பாஸ்வேர்டு கேட்பதில்லை; கேட்டால் அது யோக்கியமான செயலி அல்ல. அவரை அலுவலகக் கணக்கின் உள்நுழைவுப் பக்கத்துக்கே அனுப்பிவைக்கிறது. அவர் அங்கே பேர் சொல்லி, எதை எதைப் பார்க்கலாம் என்று ஒப்புதல் தந்தால், ஒரு டோக்கன் பிறக்கிறது. அது பெரும்பாலும் ஒருமணி நேரத்துக்குத்தான் செல்லும். புதுப்பித்துக்கொள்ள இன்னொரு டோக்கன் கூடவே வரும். டோக்கன் எந்த முகவரிக்குப் போய்ச் சேரலாம் என்பதும் முன்கூட்டியே பதிவாகியிருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் ‘எரர் 400’ என்று தடுத்துவிடுவார்கள். இந்தக் குறிப்பிட்ட பிழை உங்கள் கண்ணில் பட்டால் போனை நோண்டிப் பயனில்லை. ஆவடிக்குப் பதில் தூத்துக்குடிக்கு ஆளைக் கொண்டுபோனது செயலியை எழுதியவர். அவருக்குத்தான் எழுத வேண்டும்.

கங்காணி ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கினார். இலவசச் செயலிகள் தலைக்காசை எங்கே வாங்குகின்றன என்பது தனி ஆய்வுக்குரியது. காலண்டர் பார்க்க வந்த செயலி தொடர்பு எண்களையும் மெயிலையும் சேர்த்துக் கேட்டால் மறுத்துவிடுவதே உத்தமம் என்பது மட்டும் இங்கே போதும்.

நம் அண்ணனுக்கு வந்தது வேறு வகை: ‘நிர்வாகியின் ஒப்புதல் தேவை.’ பிழைகளில் இதுவே தலைச்சன். மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருக்கும் பல நிறுவனங்கள், ஊழியர் தம் விருப்பப்படி வெளிச் செயலிக்கு ஒப்புதல் தருவதை மூடிவைத்திருக்கின்றன. லைசென்ஸ் வாங்கிக் கொடுக்கும் உரிமை துரைக்குத்தான். ரப்பர் பால் வெட்டுபவருக்கு இல்லை. இதை அறியாத அண்ணன் செயலியை அழித்துத் திரும்பப் போட்டார். போனை அணைத்து எழுப்பினார். கடைசியில் பாஸ்வேர்டையே மாற்றினார். பாஸ்வேர்டு மாறியதும் பழைய டோக்கன்கள் செத்துப்போய், அதுவரை ஒழுங்காக வந்துகொண்டிருந்த மெயிலும் மறுபடி உள்நுழையச் சொன்னது.

பக்கத்து வீட்டு மாமா தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதியவர். தே தாரிக் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “பெரட்டுல நீ எந்தத் தண்டல் கணக்குல நிக்கிறேன்னு மொதல்ல பாத்தியா தம்பி?” கேள்வி ஆழமானது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், தன்னை மேய்க்கும் தண்டலை விட்டு அடுத்த தண்டலின் வரிசையில் நின்றால் ஆள் வந்திருந்தும் செக்ரோலில் பேர் விழாது; அன்றைய கூலியும் இல்லை. அண்ணனின் பிரௌசர் ஏற்கெனவே அவருடைய சொந்தக் கணக்கில் நின்றுகொண்டிருந்தது. இதற்கு மறைநிலைச் சன்னல் ஒன்றைத் திறந்து, அலுவலகக் கணக்கை மட்டும் கொண்டு நுழைய வேண்டும். ஒப்புதல் பக்கத்தில் காலண்டருக்கு எதிரேயுள்ள கட்டத்தில் டிக் அடிக்காமல் ‘தொடர்க’ என்று அமுக்குவோரும் இவ்வட்டாரத்தில் உண்டு. அவர்களுக்கு உள்நுழைவு நடக்கும், காலண்டர் மட்டும் வராது. பெயரும் பாஸ்வேர்டும் நேராகக் கேட்கும் பழைய செயலிகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர் முதல் கதவைச் சாத்தத் தொடங்கிவிட்டது. அவற்றில் கணக்கை நீக்கிவிட்டு, உள்நுழைவுப் பக்கம் வழியாக மறுபடி சேர்க்க வேண்டும்; அந்த வழியே இல்லாத செயலியைத் தலைமுழுகலாம்.

ராகு காலச் சிந்தனைப் பள்ளியையும் மறுத்தாக வேண்டும். அதன் முதன்மை அறிஞர் அண்ணனின் அத்தை. செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு ‘கனெக்ட்’ அமுக்கியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார். ராகு காலம் சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுவது. தீபகற்ப மலேசியா 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணியை ஒரே தாவலில் பன்னிரண்டாக்கி, கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளிக்கொண்டது. அதனால் மெர்லிமாவில் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் எழுகிறது. செவ்வாய் ராகு காலமும் நான்கு மணிவாக்கில்தான் தொடங்கும். அண்ணன் அமுக்கியது நல்ல நேரத்தில்.

ஆனால் அத்தை தன்னையறியாமல் தொட்ட உண்மை ஒன்று உண்டு. உள்நுழைவில் கேட்கும் ஆறிலக்க எண் பெரும்பாலும் முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறுவது. போனின் கடிகாரத்தை வைத்தே அது பிறக்கிறது. காலையில் சீக்கிரம் எழ வேண்டுமென்று போன் நேரத்தைக் கையால் பத்து நிமிடம் முன்னே வைத்திருப்பவர்களுக்கு, எண் எப்போதும் தவறாகவே போய்ச் சேரும். நேரத்தைத் ‘தானியங்கி’யில் விட்டுவிட வேண்டும்.

அண்ணன் இவை அனைத்தையும் செய்து முடித்தார். சரியான கணக்கு, சரியான நேரம். திரையில் எஞ்சியது நிர்வாகி ஒப்புதல் ஒன்றுதான். செயலியின் பெயர், அது கேட்கும் அனுமதிகள், காரணம் மூன்றையும் எழுதி ஐடி பிரிவுக்கு விண்ணப்பம் அனுப்பினார். காரணம் என்ற இடத்தில் ‘குடும்ப நலன்’ என்று எழுதியதாக அறிகிறோம். ஐடி அதிகாரி லீவில் இருப்பதாகத் தானியங்கிப் பதில் வந்தது. எப்போது திரும்புவார் என்பது அவருடைய காலண்டரில் இருக்கிறதாம். அதைத் திறந்து பார்ப்பதற்கு அவருடைய ஒப்புதல் வேண்டும்.