எல்லா வருஷமும் பச்சைப் பட்டு

எழுபதைத் தாண்டிய செல்லூர்த் தமிழய்யாவுக்குத் திடீரென்று கண் தெளிந்தது. பல வருடமாக மூக்கில் குந்தியிருந்த கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்தார். தினசரியின் பொடியெழுத்து வரி விளம்பரத்தைக்கூட வெறுங்கண்ணால் வாசித்தார். டீக்கடையில் ரகசியம் கேட்டார்கள். "முருங்கைக்கீரைதேன்" என்றார். அந்த வாரமே தெருவிலிருந்த முருங்கை மரம் மொட்டையானது.

கண் டாக்டர் சொன்ன காரணம் வேறு. புரை விழ ஆரம்பிக்கும்போது சிலருக்குக் கண் லென்சின் நடுப்பகுதி இறுகும். அப்போது கிட்டப்பார்வை உண்டாகும். வெள்ளெழுத்துக்காரருக்கும் கொஞ்ச காலம் கண்ணாடி இல்லாமலே பக்கத்து எழுத்து பளிச்சென்று தெரியும். தூரம் மங்கிக்கொண்டே போகும். முழுப் புரை வந்து சேருமுன் அது கொடுத்து வைக்கிற அட்வான்ஸ் இது.

"அப்ப முருங்கைக்கீரை?"

"அது உடம்புக்கு நல்லதுய்யா, சாப்பிடுங்க."

தூரம் மங்கியதிலும் வரவு இருந்தது. எதிரே வந்த சம்பந்தியைக் கண்டுகொள்ளாமல் போனால் அது இனித் திமிர் ஆகாது, வியாதி. மாட்டுத்தாவணியில் பஸ் போர்டு தெரியாததால், "தம்பி, இது பெரியார் போகுமா?" என்று கேட்கத் தொடங்கி, அந்தத் தம்பியின் சொந்த ஊர், குலசாமி, சம்பளம் வரை விசாரித்து முடித்தார். ரெண்டு பஸ் போயிருக்கும். போகட்டும்.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று மதுரையே எட்டிப் பார்க்கும். பச்சை என்றால் அந்த வருஷம் செழிக்கும் என்பது நம்பிக்கை. தமிழய்யாவும் வைகைக் கரையில் நின்று கையெடுத்துக் கும்பிட்டு, "பச்சைதேன்!" என்று முழங்கினார். சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "தாத்தா, சாமி இன்னும் வரல. நீங்க கும்பிட்டது தண்ணிப் பந்தல்" என்றான் பேரன். புரை விழுந்த கண்ணுக்கு எல்லா வருஷமும் பச்சைப் பட்டுதான். இந்த நாட்டுக்கு அப்படிச் சில ஆசாமிகள் தேவையும்கூட.

குறையிலும் வரவு காண்பதில் தமிழய்யாவுக்கு முன்னோடிகள் உண்டு. இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்குக் கால் நடவாது. நடக்க முடியாதவர் பார்வையற்றவரின் தோளில் ஏறிக்கொண்டு வழி சொல்ல, ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். ஒருவர் பாதி வெண்பாவை எடுத்துவிட, மற்றவர் மீதியை முடிப்பார். மதுரையில் துணி துவைக்கும்போது அவர்களுடைய ஒரே கந்தை தண்ணீரோடு போய்விட்டதாகத் தனிப்பாடல் மரபு ஒரு கதை சொல்கிறது. புலம்பலுக்குப் பதில் வெண்பா பிறந்தது. கந்தலின் ஓட்டைகளையெல்லாம் ஆயிரம் கண்ணாக்கி, போனால் தொல்லை விட்டது, துணைக்குத்தான் சொக்கநாதர் இருக்கிறாரே என்று முடித்துவிட்டார்கள். இந்தக் கதையை வகுப்பில் சொன்ன காலத்தில் தமிழய்யா அணியிலக்கணம் நடத்தினார். இப்போது சொல்லும்போது விழுந்து விழுந்து சிரிக்கிறார். "ஒரு கண்ணும் இல்லாதவன்கிட்ட ஆயிரங்கண்ணு குடும்பம் நடத்துமாய்யா?"

பார்வை போனபின்னும் மூளை சும்மா இருப்பதில்லை. சிலருக்கு வெறும் முற்றத்தில் தலைப்பாகை கட்டிய ஆட்கள், பூக்கள், வண்டிகள் என்று சத்தமே இல்லாத சினிமா ஓடும். ஜெனிவாக்காரர் சார்ல்ஸ் போனே தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை 1760ல் எழுதி வைத்தார். இன்று அவர் பெயரால்தான் அதைச் சொல்கிறார்கள். அது பைத்தியமில்லை. நம் பக்கம் ஒரு அப்பத்தா இதைச் சொன்னால் நேரே பாண்டி முனி கோயிலுக்கு ஆட்டோ பிடிப்பார்கள். முனியைத் தாராளமாகக் கும்பிடட்டும். திரும்பி வரும்போது கண் டாக்டரையும் பார்த்துவிட்டு வரலாம்.

மதுரையில் கண் டாக்டருக்குப் பஞ்சமில்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976ல், 58 வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பிரசவ மருத்துவராக ஆசைப்பட்டவர். முடக்குவாதம் விரல்களைக் கோணவைத்ததால் கண் பக்கம் வந்தார். தனக்கேற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு, அந்த விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். முடங்கிய கையும் மங்கிய கண்ணும் கூட்டுச் சேர்ந்தது இரட்டையருக்குப் பிடித்திருக்கும்.

முன்பெல்லாம் புரையோடு லென்சையும் எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். அதில் எல்லாமே ஏறக்குறைய கால் பங்கு பெரிதாகத் தெரியும், மாமியார் உட்பட. 1992ல் அரவிந்தின் ஆரோலேப் உள்விழி லென்சுகளை இங்கேயே செய்யத் தொடங்கியபின் அவற்றின் விலை மளமளவென்று இறங்கியது, சோடாபுட்டியும் மறைந்தது.

தமிழய்யாவும் லென்ஸ் வைத்துக்கொண்டார். கட்டைப் பிரித்ததும், தான் வெள்ளைச் சட்டை என்று நம்பிப் போட்டுத் திரிந்தது பழுப்பேறிக் கிடப்பதைப் பார்த்து வீட்டம்மாளைக் கோபித்தார். "நான் அப்பவே சொன்னேன், நீங்கதான் பளபளன்னு இருக்குன்னீங்க" என்றார் அவர். தூரம் தெளிந்தது. பேப்பர் படிக்க மட்டும் அலமாரிக் கண்ணாடிக்குப் பதிலாகப் புதுக் கண்ணாடி வந்து அதே மூக்கில் உட்கார்ந்தது. டீக்கடையில் முருங்கைக்கீரை பற்றி யாரும் பேசவில்லை.

புரையை எடுத்துவிடலாம். கண் அழுத்த நோய் அப்படியல்ல. பெரும்பாலும் வலியில்லாமல் ஓரப் பார்வையிலிருந்து அரித்துக்கொண்டு வரும், போனது திரும்பாது. ஆகவே நாற்பதைத் தாண்டியவர்களும் சர்க்கரைக்காரர்களும் ஒழுங்காகக் கண்ணைக் காட்டிக்கொள்ளுங்கள். கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் கூசும், மங்கும். வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, பஸ் போர்டு படிக்கத் தெரிந்த ஒரு பேரனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.