விடயம்: 'ரிலீஸ்' என்னும் வினைச்சொல் தொடர்பாக

தெல்லிப்பழை,
வலிகாமம் வடக்கு.

செயலாளர் அவர்கள்,
பாதுகாப்பு அமைச்சு.

ஐயா,

இது 1990இல் இராணுவம் பிடித்த காணியைக் கேட்டு எழுதும் மனு அல்ல, பயப்பட வேண்டாம். காணி கேட்ட மனுக்கள் உங்களிடம் போதிய அளவு இருக்கும். நான் கேட்பது ஒரேயொரு ஆங்கில வினைச்சொல்லை. ரிலீஸ். எத்தனையோ வருஷமாக உங்கள் அறிக்கைகளில் லீவும் இல்லாமல் இடமாற்றமும் இல்லாமல் கடமை பார்க்கிறது, பாவம்.

எங்கள் பக்கம் இந்தச் சொல்லுக்கு ஓயாத வேலை. இடமாற்றக் கடிதம் கைக்கு வந்த பிறகும் பழைய பள்ளிக்கூடத்திலேயே நிற்கும் ரீச்சரைக் கேட்டால், "அதிபர் இன்னும் ரிலீஸ் பண்ணேல்லை" என்பார். கனடாவில் இருந்து மகன் அனுப்பிய பெட்டி சுங்கத்தில் கிடந்தால், சாமான் ரிலீஸ் ஆகவில்லை. மறியலில் இருந்து பெடியன் வந்தாலும் ரிலீஸ், தியேட்டருக்குப் படம் வந்தாலும் ரிலீஸ். ஆங்கிலம் படியாத ஆச்சிமாருக்கும் பொருள் விளங்கும்: விட்டவருக்கு அதன் பிறகு அதிலே அலுவல் இல்லை. ரீச்சரை ரிலீஸ் பண்ணின அதிபர், புதுப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, எத்தனை மணிக்குப் படிப்பிக்கலாம் என்று பலகை நடுவதில்லை.

பலகை என்றதும் வசாவிளான் ஞாபகம் வருகிறது. 1990இல் மூடிய பலாலி வீதியை, வசாவிளான் சந்தியில் இருந்து 2025 ஏப்ரல் 10ஆம் திகதி ரிலீஸ் பண்ணினீர்கள். சந்தோஷம். வீதியோடு ஒரு அறிவித்தல் பலகையும் வந்தது. அன்று அதில் எழுதியிருந்தது: காலை 6 மணிக்குத் திறப்பு, பின்னேரம் 5 மணிக்குச் சாத்து. இடையில் நிற்பாட்டக் கூடாது, திருப்பக் கூடாது, நடந்து போகக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. பஸ் தவிர்ந்த பாரவாகனம் வரக் கூடாது. வேகம் 40 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது. இவ்வளவையும் வாசித்து முடிக்க ஒருவர் நிற்க வேண்டும் ஐயா, நிற்கவோ கூடாது. தன்னுடைய வளவு வீதியோரம் இருக்கிற மனிசன் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு போகலாம். பிரேக்கில் மட்டும் கால் வைக்கக் கூடாது. சுங்கத்தில் கிடந்த பெட்டியை இப்படி ரிலீஸ் பண்ணினால் மகன் கனடாவில் இருந்து வழக்குப் போடுவான்.

உங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் இதைத் தமிழில் 'விடுவிப்பு' என்கிறார்கள். பிழையில்லை. 'விடு' நீண்டால் 'வீடு'. பழந்தமிழில் மோட்சத்துக்கும் அதே பெயர்தான். உங்களுடைய விடுவிப்பில் அந்த நெடில் எங்கேயோ தொலைந்துபோனது. 2015க்குப் பிறகு திரும்பிப் போன சனத்தில் எத்தனையோ பேர் முதலில் தேடியது கிணற்றை. சுவரை இடித்து மட்டமாக்கலாம், கிணறு இருந்த இடத்தில்தான் இருக்கும். பற்றையை வெட்டிக்கொண்டு போகையில் கத்தி கிணற்றுக்கட்டில் தட்டினால், அதில் இருந்து அடி வைத்து அளப்பார்கள்: இதிலே குசினி, இதிலே சாமியறை, அந்த நாவல் மரத்தடியோடு சித்தப்பா வீட்டு வேலி. நாவல் மரமும் இல்லாவிட்டால் சித்தப்பாவோடு எல்லைச் சண்டை. மேடையில் கொடுத்த பத்திரத்தில் ஏக்கர் எழுதியிருக்கும். சித்தப்பாவைப் பற்றி ஒன்றும் இருக்காது.

அந்த மேடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 மார்ச்சில் வளலாயில் ஜனாதிபதியும் பிரதமரும் வந்து காணி கொடுத்தார்கள். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம். காணிக்காரர் மேடையேறிக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு இறங்குவார். வாங்கிய காணிக்கு அவருடைய பாட்டன் காலத்து உறுதி வீட்டு றங்குப்பெட்டியில் பூச்சி அரித்தபடி இருக்கும்.

இங்கேதான் எனக்கு ஒரு சட்டச் சந்தேகம். தமிழ்நாட்டில் விடுதலைப் பத்திரம் என்று ஒன்று எழுதுவார்கள். முதுசத்தில் தன் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுப்பது. விடுகிறவருக்குப் பங்கு இருந்தால்தான் அதை எழுதலாம். வலிகாமம் வடக்கு முதுசத்தில் உங்களுக்கு எத்தனையாவது பங்கு? இல்லை, ஒற்றியோ? ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையில் அதற்கு இடமுண்டு: கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியை ஆண்டு அனுபவிப்பார், முதலைக் கட்டினால் காணி திரும்பும். அப்படியானால் எவ்வளவு வாங்கினோம் என்று சொல்லுங்கள், சீட்டுக் கட்டியாவது தருகிறோம்.

2013 ஏப்ரலில் அரசாங்கம் எங்கள் பக்கத்தில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டியது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம், அதனால் மரங்களில் ஒட்டினார்கள். கண்டுபிடிக்க முடியாத அந்தச் சனம் சில மைல் தள்ளி, மல்லாகம் கோணாப்புலம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தது. அடுத்த மாதமே ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கையொப்பம் வைத்து மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள். மரங்கள் ஒன்றும் போகவில்லை. மாவிட்டபுரத்து அரசியல்வாதி மாவை சேனாதிராசா காணிக்காக 2003இலேயே உயர் நீதிமன்றம் போனவர். 2025 ஜனவரியில் காலமாகிவிட்டார்.

ஆகவே சொல்லுக்கு வருகிறேன். நீங்கள் ரிலீஸைப் பிடித்துக்கொண்டு விடாததற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்திலேயே ரிட்டர்ன் என்று இன்னொரு சாதாரண வினை கிடக்கிறது. நூல்நிலையத்துக்குப் போகும் எந்தப் பிள்ளைக்கும் தெரிந்தது. ஆனால் திருப்பிக் கொடுக்கிறவர் எப்போது எடுத்தீர், ஏன் சுணக்கம், ஒற்றை ஏன் கிழிந்தது என்றெல்லாம் பதில் சொல்ல வேண்டும், குற்றக்காசும் கட்ட வேண்டும். விடுவிக்கிறவருக்கு அந்தக் கரைச்சல் இல்லை. அவருக்கு மாலை விழும், அது நல்லெண்ண நடவடிக்கை என்று மறுநாள் பேப்பரிலும் வரும். எடுத்தவரைக் கொடுத்தவராக்குகிற வல்லமை ஆங்கிலத்தில் வேறு எந்த வினைக்கு உண்டு?

ரிலீஸை எங்களிடம் விட்டுவிடுங்கள் ஐயா. ரீச்சர்மாருக்கும் படக்காரருக்கும் அது தேவைப்படுகிறது. மிச்சக் காணிகளை நீங்கள் விடுவிக்கவே வேண்டாம்; திருப்பித் தாருங்கள். மேடையும் மாலையும் தேவையில்லை, கிராம சேவகரும் நில அளவையாளரும் வந்தால் போதும். 1990 ஜூனில் இருந்து குற்றக்காசு எவ்வளவு என்று நாங்கள் கணக்குப் பார்த்து அனுப்புகிறோம்.

இங்ஙனம்,
உரிமையாளர்
(மரத்தில் ஒட்ட வேண்டாம், முகவரி மேலே இருக்கிறது)