எட்டாம் நம்பர் காலும் அந்தமான் கடலும்

அந்தமானுக்கு டிக்கெட் போட்ட மறுநாளே நம் கதாநாயகர் ஃபின்ஸ், அதாவது காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு, வாங்கக் கிளம்பிவிட்டார். நீச்சல் தெரியும், ஆனால் அது நகராட்சிக் குளத்தில் பழகிய நீச்சல். கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. வீடியோக்கள் பார்த்தே கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோ ஆகிவிட்டவர்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது கறுப்பு ரப்பரில் வார்த்த ஜெட் ஃபின். 1960களில் வந்து இன்றும் விலைபோகிற கிழட்டுச் சிங்கம். பெரிய அளவு ஜோடி கிட்டத்தட்ட 3 கிலோ. கதாநாயகரின் மனைவி ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“விமானத்துல பெட்டிக்குப் பதினஞ்சு கிலோதான். இதைக் கொண்டுவந்தா நீங்க வேட்டி இல்லாமத்தான் வரணும்.”

வேட்டி மட்டுமில்லை. இந்த வகைக்குக் குதிகால் பக்கம் வார்தான் இருக்கும். உள்ளே தடித்த பூட் வேறு போடவேண்டும். குளிர்கடலுக்கும் கல் கரைக்கும் அது சரி. 28 டிகிரியில் வெந்நீர் மாதிரி கிடக்கிற அந்தமான் கடலில் இறங்க இத்தனை ஆயுதம் எதற்கு?

அடுத்து கார்பன் ஃபின். மூச்சடக்கி ஆழம் போகிறவர்களுடையது; முக்கால் மீட்டருக்குக் குறையாது. மாட்டிக்கொண்டு எழுந்தவர் “எப்படி இருக்கு?” என்று திரும்பினார். பின்னாலிருந்த ஸ்நார்க்கல் வரிசை மொத்தமும் தரைக்கு வந்தது.

பாதத்தை நீட்டிப் பார்க்கும் ஆசை பழையது. பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவயதில் உள்ளங்காலில் செருப்புபோல ஒன்றைக் கட்டி நீந்திப் பார்த்து, திருப்தியில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். மன்னார் வளைகுடாவில் கடல் அட்டை எடுக்க இறங்கியவர்கள் அலுமினியத் தகட்டைக் காலில் கட்டிக்கொண்டே வேலையை முடித்தார்கள். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி த கோர்லியு 1933இல் ரப்பர் ஃபின்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். 1950களில் இத்தாலியின் கிரெஸ்ஸி நிறுவனத்துக்காகப் பாதம் முழுவதும் மூடுகிற ‘ரொண்டினே’யை வடிவமைத்தவர் லூயிஜி ஃபெர்ராரோ. போர்க்காலத்தில் துருக்கித் துறைமுகங்களில் நின்ற கப்பல்களுக்கு நீந்திப்போய்க் குண்டு வைத்த ஆள்! அவருக்குத் தெரியாத கால்வலியா?

வெதுவெதுப்பான கடலுக்கு இன்றும் அந்த ரொண்டினே குடும்பம்தான் பொருத்தம்: வெறுங்காலில் மாட்டுவது, நடுத்தர நீளம், பிளாஸ்டிக் தகடு, குறைந்த எடை. தகடு விறைப்பாக இருந்தால் வேகம் வரும் என்பார்கள். வரும், பழகாத காலுக்கு அதற்கு முன்பே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் தகடு எதுவானாலும் கடைசியில் தீர்ப்புச் சொல்வது குதிகால்தான். “என் சைஸ் எட்டு” என்று கதாநாயகர் அடம்பிடித்தார். அட்டைப்பெட்டியிலோ 41-42, 43-44 என்று ஐரோப்பியக் கணக்கு. நம்மூர் எட்டு அங்கே ஏறக்குறைய 42. அதையும் நம்பிவிடக்கூடாது. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போய், மாட்டி, உட்கார்ந்து, காலை உதறிப் பார்க்கவேண்டும். குதிகால் நழுவினால் பெரிது. விரல் மடங்கினால் சிறிது. கடையில் லேசாக உரசுவது கடலில் கொப்புளமாகும். கொஞ்சம் தொளதொளத்தால் மெல்லிய நியோப்ரீன் சாக்ஸ் போட்டுச் சமாளிக்கலாம். இறுக்கத்துக்கு மருந்தே கிடையாது.

அவர் கடைசியில் வாங்கியது மஞ்சள் நிறத்தில் ஒரு சாதாரண ஜோடி. “மஞ்சள்னா படகுக்காரன் கண்ணுல படுவீங்க” என்று மனைவி சொன்னதுதான் அன்றைய உருப்படியான ஆலோசனை.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபின்ஸ் மாட்டிக்கொண்டு மணலில் முன்னோக்கி நடக்காதீர்கள், விழுவீர்கள். தண்ணீர் விளிம்பில் மாட்டிக்கொண்டு பின்னால் நடந்து இறங்குங்கள். சைக்கிள் மிதிப்பதுபோல் முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து உதையுங்கள். களைத்தால் மிதந்துகொண்டே இளைப்பாறுங்கள்; பவளத்தின் மேல் நிற்கவேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலி இருக்கிறது. பாறை கட்டும் பவளமும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது.