உருக்கி ஊற்றிய கைத்திறன்

நாகர்கோவிலில் 'ஹோம்மேட் சாக்லேட்' செய்வது சுலபம். கடையில் சாக்லேட் வாங்கி உருக்கி, அச்சில் ஊற்றி, மறுபடி சாக்லேட் ஆக்க வேண்டும். அசல் கோகோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகிவிடும். நம்மூர்ப் பங்குனிக்கு அது தாங்காது. ஆகவே வாங்குவது தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் கட்டி. கைப்பக்குவம் என்பது ஃப்ரிட்ஜின் பக்குவம்தான்.

ஒரு கண்டம் உண்டு. உருக்கும்போது சொட்டுத் தண்ணீர் தெறித்தால் பளபளப்பு போய் மணல்மணலாகத் திரிந்துவிடும். "இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊத்தி இளக்கு மக்களே" என்பார் மாமியார். யூடியூப் பார்க்காதவர், ஆனாலும் சொன்னது சரி. கட்டி ஆகாது, நல்ல சாஸ் ஆகும். அதற்கும் ஒரு பெயர் வைத்து டப்பாவில் அடைத்தால் விலை கூடுதல்.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழத்தையும் விடவில்லை. சாக்லேட்டில் முக்கி முக்காடு போட்டுவிட்டார்கள். சிறுபயறு வறுத்துத் திரித்து, பாகுப்பதம் பார்த்து, உருட்டி, மாவில் முக்கிப் பொரிக்கிற முந்திரிக்கொத்து மட்டும் பேக்கரியிலிருந்து வருகிறது. அதை வீட்டில் செய்ய யாருக்கு நேரம்?