பேராண்டி கம்பெனிக்குப் போறான்

ஏலே பேராண்டி, இங்கன வா. அந்தப் போனைச் சட்டைப்பையில போட்டுட்டு உக்காரு. எட்டாவது செமஸ்டருக்குக் காலேசு கெடையாது, மெட்ராசுல கம்பெனியிலதான் இருக்கணும்னு உங்கப்பன் ஊரெல்லாம் தண்டோரா போட்டுட்டான். டீக்கடையில என்னையப் பாத்ததும் எந்திரிச்சு எடம் குடுக்கானுவ. சம்பளம் எம்புட்டுன்னு ஒருத்தன் கேட்டான். சம்பளம் எங்க, நாமதான் மாசாமாசம் பி.ஜி.க்குக் கட்டணும்னு நான் வாயத் தொறக்கலை. குடுத்த எடத்துல உக்காந்து டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

கண்டக்டர் சென்னை எறங்குன்னு கத்துனதும், வந்து சேந்துட்டேன்னு ஆத்தாளுக்குப் போன் போட்டுராதே. அது கிளாம்பாக்கம். வண்டலூருக்கு நம்ம பக்கத்துலயே கெடக்கு. 2023 டிசம்பர் கடைசியில தெறந்தாக. ராவெல்லாம் முட்டியை மடக்கி வந்தவனுக்கு அங்கன இருந்துதான் ரெண்டாவது பயணம். ஆட்டோக்காரன் சொல்லுத ரேட்டுக்குக் கோவில்பட்டிக்கே திரும்பிரலாம். நெல்லை எக்ஸ்பிரஸ்ல போனா சொகமாப் படுத்துட்டுப் போகலாம்தான். அதுக்கு முன்கூட்டியே டிக்கெட் போடணும். பரீட்சைக்கு மொத நா ராத்திரி புஸ்தகத்தைத் தேடுத ஆளு நீ, உனக்கு பஸ்சுதான் விதிச்சிருக்கு.

நான் போன காலத்துல, ஊர்க்காரன் கூட்டிட்டுப் போய்க் காட்டுன மொத அதிசயம் மவுண்ட் ரோட்டு எல்.ஐ.சி.தான். 1959ல கட்டுனது, 14 மாடி. அண்ணாந்து பாத்துத் துண்டு நழுவாத தெக்கத்திக்காரன் கெடையாது. இப்ப நீ போற பக்கமெல்லாம் அதைவிட ஒசரம் தெருவுக்குத் தெரு நிக்காம். பரவாயில்ல, நீயும் ஒரு தரம் அண்ணாந்து பாரு. குனிஞ்சு போனைப் பாத்த கழுத்துக்கு நல்லது.

கம்பெனியில என்ன நடக்கும்னு போய்ட்டு வந்த பயலுக சொல்லக் கேட்டிருக்கேன். மொத வாரம் அட்டை வராது. ரெண்டாவது வாரம் லேப்டாப் வராது. லேப்டாப் வந்தா, ஆக்சஸ்னு ஒண்ணு வராதாம். அதுவரைக்கும் ஏசியில உக்காந்து எதுக்கோ காத்துக் கெடக்கணும். அதுக்காக மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிடாதே. வேலை தெரிஞ்ச ஆளு ஒருத்தன் டீ குடிக்க எந்திரிப்பான், பின்னாலயே போ. சேர்ல சொல்லாத சங்கதி எல்லாம் டீக்கடையில அவுந்து விழும். டீக்கு மட்டும் நீ காசு குடு. உங்கப்பன் காசுதான, தாராளமாக் குடு.

ப்ராஜெக்டைக் கடையிலயே விக்காகளாமே! ரிப்போர்ட், பைண்டிங், வைவாவுல வாத்தியார் என்ன கேப்பாரு, நீ என்ன சொல்லணும், எல்லாத்துக்கும் சேத்து ஒரே ரேட்டாம். நல்ல ஏற்பாடு. கீழத்தெருப் பய ஒருத்தன் போன வருசம் அப்படித்தான் ஒண்ணு கொண்டாந்தான். மண்ணுல ஈரம் இருக்கா இல்லையான்னு தானாப் பாத்து, தானாத் தண்ணி விடுத மெசினாம். அடேயப்பான்னு அவனை நம்ம மொளகாத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். கரிசல் வெடிச்சுக் கெடக்கு, குத்துடா ராசான்னேன். "தாத்தா, இது டெமோ"ன்னான். வெரக்கடை பூந்தொட்டி ஒண்ணுல மட்டும்தான் அது வேலை செய்யுமாம். அதுலயும் தொட்டியை அவனே தூக்கிட்டு வந்திருந்தான். பாஸ் பண்ணிட்டான், அதுல கொறையில்ல. நீ அப்படி வாங்குறதா இருந்தா எங்கிட்டச் சொல்லிட்டு வாங்கு. பூந்தொட்டியை இங்கயே தயார் பண்ணி வெச்சிருதேன்.

உங்கூட வர்ற நாலு பயலும் ஒரே காலேசு, பெருங்குடியில ஒரே ரூமு. கெடையாடு கணக்கா ஒண்ணாப் போய் ஒண்ணாத் திரும்புவீக. ஞாயித்துக்கெழம ஆனா ஒரு மால், ஒரு பிரியாணி, நாலு போட்டோ. எங்க பாத்தாலும் அவனுக நாலு மூஞ்சிதான் தெரியும், மெட்ராசு எங்க தெரியும்? ஒரு நா அவனுகளை உறங்க விட்டுட்டு ஒத்தையாக் கெளம்பு. பெருங்குடியில பறக்கும் ரயில் இருக்கு. 1995ல சேப்பாக்கம் வரைக்கும் விட்டவன் 2007லதான் வேளச்சேரிக்குக் கொண்டாந்தான். ஸ்டேசனுக்குள்ள ஒரே நேரத்துல ரெண்டு கல்யாணம் நடத்தலாம், அம்புட்டு எடம். சேப்பாக்கத்துல எறங்கி கடலைப் பாத்து நட. வழி தப்புனா ரொம்ப நல்லது. மேப்பைப் பாக்காம நாலு ஆளுகிட்டக் கேளு, நாலு பேரும் நாலு தெசையைக் காட்டுவாக. அந்த நாலு தெசையிலயும் போய்ட்டு வா.

எழும்பூர் மியூசியத்துல கன்னிமாரா நூலகம்னு ஒண்ணு, 1896லேர்ந்து நிக்கி. இந்தியாவுல அச்சாகுத புஸ்தகத்துல எல்லாம் ஒரு பிரதி அங்கன போயாகணும்னு சட்டம். கோடம்பாக்கத்துல அண்ணாச்சி மளிகைக் கடையில நான் கெடந்தப்ப, விடியமுன்ன கொத்தவால்சாவடிக்கு ஓடணும், ராத்திரி கடை எடுத்து வைக்கணும். அந்தச் சாவடியவே 1996ல கோயம்பேட்டுக்கு மாத்திட்டாக. லீவு விட்ட நாள்ல மின்சார ரயில்ல ஏறி நூலகத்துக்குப் போயிருவேன். படிக்கன்னா நெனைக்கே? ஃபேனுக்கு அடியில உறங்கத்தான். விரிச்ச புஸ்தகம் ஒண்ணு முன்னால இருந்தா ஒருத்தனும் எழுப்பமாட்டான். ஆனா உறக்கம் சட்டுனு வராதுல்லா, வர்ற வரைக்கும் நாலு பக்கம் பொரட்டுனேன். அதை வெச்சுத்தான் இன்னைக்கும் உங்கப்பனை வாயடைக்கேன். நீயும் போ. ஃபேன் இன்னும் சுத்தும்னு நெனைக்கேன்.

கையில காசு தீந்துட்டா வீட்டுக்கு அடிக்காதே. தெருமுனையில மளிகைக் கடை இருக்கும், கல்லாவுல நம்ம பக்கத்து அண்ணாச்சி இருப்பாரு. எந்த ஊருன்னு கேப்பாரு. ஊரைச் சொல்லு. யாரு பேரன்னு கேட்டா மட்டும் என் பேரைச் சொல்லாதே, சில பழைய கணக்கு இன்னும் முடியலை.

இந்தா, கடலை மிட்டாய் மூணு பொட்டலம். 2020ல புவிசார் குறியீடு வாங்குன சரக்கு, எவன் முன்னாலயும் கூசாம நீட்டலாம். ஒண்ணு மேனேசருக்கு. ஒண்ணு பி.ஜி. நடத்துத அம்மாவுக்கு, வெந்நி கொஞ்சம் முந்திக் கெடைக்கும். மூணாவது, அதே கம்பெனிக்கு வருதாமே தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை, அதுக்கு. என்ன முழிக்கே? ஆச்சிகிட்ட ஒரே மூச்சுல நாலு தரம் அந்தப் பேரைச் சொன்னியே, திண்ணையில கெடக்க எனக்குக் காது அவிஞ்சு போச்சுன்னா நெனைச்சே? உங்கப்பன் வாரான், பொட்டலத்தைப் பையில போடு.