விசாரிக்கிற தம்பி

ஏப்ரல் கடைசியில் செமஸ்டர் முடிந்ததும் ராஜபாளையத்தில் இரண்டு வரத்து தொடங்கும். ஒன்று மாம்பழம். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் மண்டியில் வந்து குவியும். இன்னொன்று, "லீவுக்கு வேலைக்குப் போலாமாண்ணே, இல்ல ஏதாச்சும் கோர்ஸ்ல சேரலாமா?" என்று கேட்டுக்கொண்டு வரும் பி.காம். இரண்டாமாண்டுத் தம்பி. மாம்பழம் அழுகுவதற்குள் விற்றுப்போய்விடும். தம்பி கல்லூரி திறக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பான்.

தெருவுக்கு ஒருத்தன் உண்டு. அடையாளம் சொல்கிறேன். சட்டைப் பையில் நாலாக மடித்த நோட்டீஸ்கள்: டைப்ரைட்டிங், டேலி, ஸ்போக்கன் இங்கிலீஷ், குரூப் 4. போனில் 'மில் மேஸ்திரி', 'பால்கோவா கடை', 'டைப் சார்' என்று சேமித்த எண்கள். முகத்தில், நாளைக்கே சேரப்போகிறவனின் களை. அக்னி நட்சத்திரத்திலும் அந்தக் களை வாடுவதில்லை.

ஊரில் வேலைக்குப் பஞ்சம் என்று அவன் சொல்லித் தப்பிக்க முடியாது. பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து நூல் நூற்றுப் பிழைக்கிற ஊர் இது. சத்திரப்பட்டிப் பக்கம் போனால் தறிகளில் ஆஸ்பத்திரிக்கான பேண்டேஜ் துணி ஓடுகிறது. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள். தம்பி எல்லா இடத்துக்கும் போய்வந்துவிட்டான். போய்வந்தது என்றால் கேட் வரைக்கும்.

தாய்மாமன் மில்லில் சைடு பார்க்கிறவர். "மூணு ஷிப்டு மாப்ள. பகல், அரை நைட்டு, முழு நைட்டு. எது வேணும்னு சொல்லு, மேஸ்திரிகிட்ட இன்னைக்கே பேசுறேன்" என்றார். தம்பி மூன்றையும் அலசினான். பகல் ஷிப்டு என்றால் வெயிலில் வீடு திரும்ப வேண்டும். அரை நைட்டு ஐ.பி.எல். நேரத்தோடு மோதுகிறது. முழு நைட்டு? "ராத்திரி தூங்கலேன்னா ஞாபக சக்தி போயிரும்னு சொல்றாங்களே மாமா." தம்பிக்கு இரண்டு அரியர் இருக்கிறது என்பது மாமாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எந்த ஞாபக சக்தி என்று கேட்டிருப்பார்.

சித்தப்பாவின் கட்சி வேறு. அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசாங்க கிளார்க். "மில்லுல பஞ்சு தின்னவா பி.காம். படிக்கிறான்? டைப்பிங்ல போடு. தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் ஹையர் முடிச்சு வச்சிட்டா என்னைக்கும் கைவிடாது" என்பார். மாமாவும் சித்தப்பாவும் ஒரு கல்யாணப் பந்தியில் யாரை முதலில் உட்கார வைப்பது என்ற தகராறில் பேச்சை நிறுத்திக் கனகாலம் ஆகிறது. இப்போது தம்பியின் லீவு வழியாகப் பேசிக்கொள்கிறார்கள். "உங்க சித்தப்பன் டைப் அடிச்சு என்ன கோட்டை கட்டிட்டான்னு கேளு." "உங்க மாமன் இத்தன வருசம் சைடு பாத்து என்ன மில்லா வாங்கிட்டான்?" இரண்டையும் தம்பி அட்சரம் பிசகாமல் கொண்டுசேர்ப்பான். வேலையில் சேர்ந்தால் சித்தப்பாவுக்கு அவமானம், வகுப்பில் சேர்ந்தால் மாமாவுக்கு. குடும்ப ஒற்றுமையை உத்தேசித்து எதிலும் சேராமல் இருக்கிறான். அம்மாவுக்கு இந்த அரசியல் எல்லாம் கிடையாது. "கரண்டு பில்லக் கட்டிட்டு வந்தியான்னா போதும்" என்பாள்.

வாரம் ஒருமுறையாவது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுவான். அங்கே நிற்கிற பதினொரு நிலைக் கோபுரம்தான் தமிழக அரசு முத்திரையில் இருப்பது என்பதில் ஊருக்கே பெருமை. அதைப் பார்த்து நின்றுகொண்டு அரசு வேலைக்கான கோர்ஸை விசாரித்தால் ராசி என்பது தம்பியின் கணக்கு. நின்று கும்பிட்டுவிட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனான். படியேறும்போதே தடதடவென்று சத்தம். ஜூனியருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, சீனியருக்கு 45 என்று சார் விளக்கினார். "உக்காந்து பாரு தம்பி" என்று ஒரு பழைய மெஷின் முன்னால் உட்கார வைத்தார். ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப். இடது சுண்டுவிரலை 'ஏ' மேல் வைத்து அழுத்தினான். கட்டை பாதி இறங்கி நின்றது. தாளில் மசி படவில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கியதும் விரல் வழுக்கி இரண்டு கட்டைக்கு நடுவில் விழுந்து நகக்கண் உரிந்தது. "விரல் கொஞ்சம் வீக்கா இருக்கு சார். ஒரு வாரம் எக்சர்சைஸ் பண்ணிட்டு வந்து சேர்றேன்." "அதுக்குத்தான்பா இந்த கிளாஸே" என்று சார் சொன்னபோது தம்பி படியிறங்கிவிட்டிருந்தான்.

அடுத்து பால்கோவா கடை. மே மாதத்தில் கோயிலுக்கு வருகிற கூட்டத்துக்கு எடை போட்டு, பட்டர் பேப்பரில் மடித்துக் கொடுக்க எப்போதும் ஆள் தேவைப்படும். "நாளைக்கு வர்றியா தம்பி?" என்றார் அண்ணாச்சி. "வர்றேன் அண்ணாச்சி. சரக்கப் பத்தித் தெரியாம கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசுறது?" என்று கையை நீட்டினான். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. அதன் தரம் குறையாமல் இருக்கிறதா என்று மூன்று கடைகளில் நேரில் சோதித்துவிட்டு ஊர் திரும்பினான்.

பஸ்ஸுக்கும் டீக்கும் காசு எங்கிருந்து என்று கேட்பீர்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போன பையன்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. நல்ல திட்டம். தம்பியின் விசாரணைச் செலவையும் சேர்த்துத் தாங்குகிறது.

பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதே கல்லூரிதான். அவள் யாரையும் விசாரிக்கவில்லை. காலை 6 மணிக்கு டைப்பிங், 9 மணிக்கு நைட்டி கம்பெனியில் காஜா, பட்டன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அந்தச் செலவு மிச்சம். ஜூனில் ஃபீஸ் கட்ட வேண்டும், ஆகஸ்டில் டைப்பிங் பரீட்சை எழுத வேண்டும். இதில் எது என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி அவளுக்கு இல்லை. ஆனால் ஒன்று. டைப்பிங் நோட்டீஸ் தம்பியின் பையிலிருந்து போனது. நைட்டி கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னதும் அவன்தான்.

அவள் மட்டுமில்லை. கோடிவீட்டுப் பையன் மாம்பழ மண்டியில் தரம் பிரிக்கப் போகிறான். எதிர்வீட்டு அண்ணன் டேலி படிக்கிறார். எந்த மில்லில் எந்த ஷிப்டுக்கு ஆள் குறைவு, எந்த இன்ஸ்டிட்யூட்டில் மெஷின் ரிப்பேர், எந்த முதலாளி சனிக்கிழமை தவறாமல் சம்பளம் தருவார், எல்லாம் தம்பிக்கு அத்துப்படி. தெருவில் இந்தக் கோடைக்கு எதிலும் சேராதவன் அவன் ஒருவன்தான்.

ஆகவே, பிள்ளையை வேலைக்கு அனுப்புவதா கோர்ஸில் சேர்ப்பதா என்று குழம்பும் பெற்றோர் தயங்காமல் அவனைக் கேட்கலாம். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும், தகவல் சுத்தமாக இருக்கும். அவனையும் எதிலாவது சேரச் சொல்லி வற்புறுத்திவிடாதீர்கள். அடுத்த மே மாதம் விசாரிக்க ஆள் இருக்காது.