குமட்டலும் குணமும்

கேள்வி: குழந்தை எதையாவது குடித்துவிட்டால் உடனே வாந்தி எடுக்க வைக்க, நாட்டு மூலிகை ஏதாவது வீட்டில் வைத்திருக்கலாமா?
- ஒரு வாசகர், ராயபுரம், திருப்பூர்

பதில்: மூலிகைக்குப் பஞ்சமில்லை. வேலியில் படரும் நஞ்சறுப்பானே போதும், பெயரிலேயே சர்டிபிகேட் வைத்திருக்கிறது! பிரேசிலிலிருந்து வரவேண்டிய, வாந்தி எடுக்க வைக்கும் இபிகாக் வேருக்குப் பதிலாக, சோழமண்டலக் கரையில் இதன் வேரைத்தான் அன்றைய ஆங்கிலேய வைத்தியர்கள் கொடுத்தார்கள். அந்த இபிகாக் சிரப் பிறகு அமெரிக்க வீடுகளில் தைலம்போல அலமாரியில் இருந்தது. ஆனால் 2003-இல் அங்குள்ள குழந்தை மருத்துவர் சங்கமே ‘இனி வீட்டில் வேண்டாம்’ என்றுவிட்டது. விஷம் முழுதாக வெளியே வருவதில்லை. இபிகாக்கிலுள்ள எமெட்டின், அடிக்கடி குடித்தால் இதயத்தசையையே பதம் பார்க்கும்.

அதிருக்கட்டும், உங்கள் ஊரில் குழந்தை கைக்கு எட்டுவது என்ன? சாயப்பட்டறை காஸ்டிக் சோடா, பிளீச்சிங் திரவம். காஸ்டிக் இறங்கும்போது ஒருமுறை தொண்டையைச் சுடும். வாந்தி எடுக்க வைத்தால் ஏறும்போது இன்னொருமுறை சுடும். மண்ணெண்ணெய் என்றால் நுரையீரலுக்குள் போய்விடும். உப்புத்தண்ணீர், தொண்டையில் விரல் எல்லாம் அதே ரகம்தான்.

ஆகவே மூலிகை எதுவும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். குடித்த பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். ‘கலர் தண்ணி சார்’ என்றால், திருப்பூரில் டாக்டர் எந்தக் கலரென்று கண்டுபிடிப்பார்?